கோரஸிலிருந்து பிரிந்து வந்த நடிகன்: பண்டைய கிரேக்க நாடகம் வளர்ந்த விதம்

கிரேக்க நாடகம் என்றாலே ஈடிபஸ், ஆன்டிகனி, மீடியா என்று தனி மனிதர்களின் பெயர்கள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. விதியோடு மல்லுக்கு நிற்கும் ஒருவன், அவன் தலையில் வந்து விழும் பேரழிவு என்றுதான் அந்த நாடகங்களை வாசிக்கிறோம். நடுநடுவே வரும் கோரஸின், அதாவது கூட்டமாக ஆடிப் பாடும் குழுவின், பாடல்களை, உண்மையைச் சொன்னால், பலரும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அடுத்த வசனத்துக்குத் தாவிவிடுகிறோம். ஆனால் வரலாறு நடந்தது தலைகீழாக. முதலில் இருந்தது கோரஸ் மட்டுமே. நடிகன் பிறகு வந்தவன், அதுவும் அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்தே பிரிந்து வந்தவன். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். அரங்கின் நடுவில் ஏன் அவ்வளவு பெரிய வெட்டவெளி, எத்தனை பாத்திரங்கள் இருந்தாலும் நடிகர்கள் ஏன் மூன்றே பேர், ஒரு நாடகப் போட்டியை நடத்த ஏன் ஒரு நகர அரசே இறங்கி வேலை செய்தது என்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பிக்கும்.

பாட்டும் ஆட்டமும் மட்டும் இருந்த காலம்

டயோனிசஸ் என்னும் கடவுளிலிருந்து தொடங்க வேண்டும். திராட்சைக்கும் மதுவுக்கும் உரிய தெய்வம் அவர். மனிதனைத் தன்னிலை மறக்கச் செய்பவரும் அவர்தான். அவருக்காக ஆண்கள் கூட்டமாகச் சேர்ந்து, சீவாளி வைத்து ஊதும் இரட்டைக் குழலின் இசைக்கு ஆடிக்கொண்டே பாடிய பாடலுக்கு டித்திராம்ப் என்று பெயர். கி.மு. 600 வாக்கில் கொரிந்து நகரில், பெரியாண்டர் என்பவரின் ஆட்சியில், அரியோன் என்ற இசைக்கலைஞர் இதற்கு ஓர் ஒழுங்கான வடிவம் கொடுத்து கோரஸுக்குப் பயிற்றுவித்தார் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்.

அதே ஹெரோடோட்டஸ் பக்கத்து ஊரான சிக்கியோனைப் பற்றிச் சொல்லும் செய்தி இன்னும் சுவையானது. அங்கே அட்ராஸ்டஸ் என்ற பழங்கால வீரனின் துயரங்களை ஊரார் கோரஸ்களாகக் கூடிப் பாடி வந்தார்கள். அட்ராஸ்டஸ் ஆர்கோஸ் நாட்டைச் சேர்ந்தவன். சிக்கியோனின் தனியாட்சியாளரான கிளைஸ்தனிஸுக்கும் ஆர்கோஸுக்கும் போர் மூண்டது. எதிரி நாட்டு வீரனைத் தன் ஊர் மக்கள் பாடிப் போற்றுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. அந்தக் கோரஸ்களை அட்ராஸ்டஸிடமிருந்து பிடுங்கி டயோனிசஸுக்குக் கொடுத்துவிட்டார். ஏதென்ஸில் நாடகம் என்ற ஒன்று உருவாவதற்கு முன்பே இரண்டு விஷயங்கள் நடந்துவிட்டன என்பதை இது காட்டுகிறது. ஒரு வீரனின் துன்பத்தை ஒரு கூட்டம் பாடலாகப் பாடியிருக்கிறது. யாருடைய துன்பத்தைப் பாடுவது என்பது அப்போதே அரசியல் ஆகியிருக்கிறது.

டித்திராம்பை முன்னின்று நடத்தியவர்களிடமிருந்து துன்பியல் நாடகம் பிறந்தது என்கிறார் அரிஸ்டாட்டில். அவர் இதை எழுதியது சுமார் 200 ஆண்டுகள் கழித்து என்பதால், அவர் கூற்றை அப்படியே ஏற்கத் தயங்கும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. அதற்குச் சான்று நாடகங்களுக்குள்ளேயே இருக்கிறது. ஏதென்ஸ் நாடகங்களில் நடிகர்கள் பேசும் வசனம் ஏதென்ஸின் சொந்த வட்டார வழக்கில் இருக்கும். அதே நாடகத்தில் கோரஸ் பாடத் தொடங்கியதும் மொழியின் சாயல் டோரிக் வழக்குக்கு மாறிவிடும். கொரிந்தும் சிக்கியோனும் ஆர்கோஸும் டோரிக் பேசிய ஊர்கள். ஆக, பாட்டு அங்கிருந்து வந்தது, பேச்சு இங்கே சேர்ந்தது. ஒரே நாடகத்துக்குள் இரண்டு மொழிச் சாயல்கள் ஒட்டவைத்தது போலக் கடைசி வரை நின்றன.

அந்தப் பேச்சைச் சேர்த்தவர் என்று மரபு சொல்லும் பெயர் தெஸ்பிஸ். ஏதென்ஸை அடுத்த இக்காரியா என்ற கிராமத்துக்காரர். கி.மு. 534 வாக்கில், பிசிஸ்டிராட்டஸின் ஆட்சிக் காலத்தில், டயோனிசியா விழாவில் முதல் துன்பியல் நாடகத்தை அரங்கேற்றினார் என்பார்கள். அவர் செய்தது பார்வைக்குச் சின்ன விஷயம். பாடல்களுக்கு இடையில், வேஷம் கட்டிய ஓர் ஆள் எழுந்து நின்று, இன்னொருவராகப் பேசினார். ஒருவரைப் பற்றிப் பாடுவது வேறு, அவராகவே ஆகிப் பேசுவது வேறு. இந்த வித்தியாசம் அன்றைய மனிதர்களை எவ்வளவு உலுக்கியிருக்கும் என்பதற்குப் புளூட்டார்க் ஒரு கதை சொல்கிறார். சட்டமேதை சோலோன் முதுமையில் தெஸ்பிஸின் நாடகத்தைப் பார்த்துவிட்டு, இத்தனை பேர் முன்னால் இப்படிப் பொய் சொல்ல வெட்கமாக இல்லையா என்று அவரிடமே கேட்டாராம். விளையாட்டுக்குத்தானே என்று தெஸ்பிஸ் சொல்ல, சோலோன் கைத்தடியால் தரையை ஓங்கித் தட்டி, இந்த விளையாட்டைப் பாராட்டினால் நாளை நம் ஒப்பந்தங்களிலும் இதே விளையாட்டுதான் வந்து நிற்கும் என்றாராம். ஆண்டுக்கணக்கு சரியாகப் பொருந்தாத கதைதான் இது. ஆனாலும் நடிப்பு என்பது புத்தம் புதிதாக இருந்தபோது அது பொய்யாகத் தெரிந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஒருவர், இருவர், மூவர்

ஒரே ஒரு நடிகரை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? அவர் கோரஸ் தலைவரோடு பேசலாம். உள்ளே போய் முகமூடியை மாற்றிக்கொண்டு வேறொருவராகத் திரும்பி வரலாம். வெளியே எங்கோ நடந்ததை வந்து சொல்லலாம். பெரும்பாலான கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் ஒரு தூதுவர் மூச்சிரைக்க வந்து நீண்ட சேதி சொல்வதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். ஒற்றை நடிகர் காலத்தின் எச்சம் அது. கொலையும் தற்கொலையும் பெரும்பாலும் உள்ளே நடக்கும், வெளியே செய்தியாக வரும். அதைக் கேட்டுத் துடிப்பதற்குத்தான் கோரஸ் இருக்கிறதே.

எஸ்கைலஸ் என்ற நாடகக் கவிஞர் இரண்டாவது நடிகரைக் கொண்டுவந்தார், கோரஸின் பங்கைக் குறைத்தார், பேச்சுக்கு முதலிடம் கொடுத்தார் என்கிறார் அரிஸ்டாட்டில். இரண்டு பேர் நேருக்கு நேர் நின்றால்தான் மோதல் வரும். இருந்தாலும் எஸ்கைலஸின் ஆரம்ப நாடகங்களில் கோரஸ்தான் இன்னும் நாடகத்தின் உயிர். நமக்குக் கிடைத்திருக்கும் முழு நாடகங்களிலேயே பழமையானது, கி.மு. 472-இல் அரங்கேறிய அவருடைய ‘பாரசீகர்கள்’. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், கி.மு. 480-இல், பாரசீக மன்னர் செர்க்ஸஸின் படை ஏதென்ஸுக்குள் புகுந்து அக்ரோபோலிஸ் குன்றின் மேலிருந்த கோயில்களைக் கொளுத்தியது. அதே ஆண்டு சலாமிஸ் கடற்போரில் கிரேக்கர்கள் அந்தப் படையை நொறுக்கினார்கள். டயோனிசஸின் அரங்கம் இருப்பது அக்ரோபோலிஸின் தெற்குச் சரிவில். அதாவது, பார்வையாளர்கள் தங்கள் முதுகுக்குப் பின்னால் எரிந்து கிடந்த கோயில்களை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்தனான் கட்டத் தொடங்கவே இன்னும் 25 ஆண்டுகள் இருந்தன. அவர்கள் முன்னால் எஸ்கைலஸ் நிறுத்திய கோரஸ் எது தெரியுமா? பாரசீகத்தின் முதியவர்கள். தங்கள் பிள்ளைகள் போருக்குப் போன தேசத்தில், சேதிக்காகக் காத்திருக்கும் எதிரி நாட்டுப் பெரியவர்கள். அந்த வேஷம் கட்டிப் பாடியவர்கள் ஏதென்ஸின் குடிமக்கள். சலாமிஸ் கப்பல்களில் துடுப்புப் போட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். தூதுவர் வந்து, செத்துப்போன பாரசீகத் தளபதிகளின் பெயர்களை வரிசையாக அடுக்குகிறார். ஆனால் வெற்றி பெற்ற கிரேக்கர்களில் ஒருவருடைய பெயரும் நாடகத்தில் வருவதில்லை. கடைசியில் செர்க்ஸஸ் கிழிந்த உடையோடு திரும்பி வருகிறார். கோரஸும் அவரும் மாறி மாறி ஓலமிடும் ஒப்பாரியில் நாடகம் முடிகிறது. எஸ்கைலஸ் பாரசீகர்களுக்கு எதிரான மராத்தான் போரில் வாளேந்தியவர், தன் சகோதரனை அந்தக் களத்தில் இழந்தவர். எதிரியின் துக்கத்தைத் தன் ஊர்க்காரர்களின் வாயில் வைத்துப் பாடவைக்கும் துணிச்சல் அவருக்கு இருந்தது. அந்த நாடகத்துக்கு முதல் பரிசும் கிடைத்தது. இதை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மூன்றாவது நடிகர், அடுத்து வந்த கவிஞரான சோபோக்ளிஸின் சேர்க்கை. அதோடு கோரஸின் எண்ணிக்கையை 12-லிருந்து 15 ஆக்கியவரும் அவரே என்று மரபு சொல்கிறது. எஸ்கைலஸும் இந்த மூன்றாவது ஆளை உடனே கையிலெடுத்துக்கொண்டார். கி.மு. 458-இல் அரங்கேறிய ‘ஒரஸ்டியா’, மூன்று நாடகங்களும் முழுதாகக் கிடைத்திருக்கும் ஒரே தொடர். அதன் முதல் நாடகத்தில், டிராயிலிருந்து திரும்பும் அகமெம்னான் கசாண்ட்ரா என்ற அடிமைப் பெண்ணைத் தேரில் கூட்டி வருகிறான். அரசி கிளைட்டம்னெஸ்ட்ரா அவளை உள்ளே வரச் சொல்கிறாள். பதில் இல்லை. மறுபடி சொல்கிறாள். அப்போதும் பதில் இல்லை. மேடையில் ஏற்கெனவே இருவர் பேசிவிட்டார்கள், இவள் வெறும் ஊமை வேஷம் என்று பார்வையாளர்கள் முடிவுகட்டியிருப்பார்கள். அரசி எரிச்சலோடு உள்ளே போய்விடுகிறாள். அதன் பிறகுதான் கசாண்ட்ரா வாய் திறக்கிறாள், சொல்லே இல்லாத ஓர் அலறலோடு. இரண்டாவது நாடகத்தில் இதைவிட நுட்பம். ஒரஸ்டஸின் நண்பன் பைலாடஸ் நாடகம் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் கூடவே நிற்கிறான். தாயைக் கொல்ல ஓங்கிய வாளோடு ஒரஸ்டஸ் தயங்கி, என்ன செய்வேன் என்று கேட்கும் அந்தக் கணத்தில் மட்டும் பைலாடஸ் மூன்றே வரி பேசுகிறான்: அப்போலோவின் வாக்கு என்னாவது, கொடுத்த சத்தியம் என்னாவது, மனிதர் எல்லோரையும் பகைத்தாலும் தெய்வங்களைப் பகைக்காதே என்று. அதற்குப் பிறகு அவன் பேசுவதில்லை. நடிகர் எண்ணிக்கையின் கட்டுப்பாட்டையே எஸ்கைலஸ் எப்படி ஆயுதமாக்கியிருக்கிறார் பாருங்கள்.

மூன்றுக்கு மேல் எண்ணிக்கை ஏறவில்லை. எத்தனை பாத்திரங்கள் இருந்தாலும் பேசுபவர்கள் மூவர்தான், எல்லோரும் ஆண்கள். முகமூடி மாறினால் அரசி தூதுவனாவாள்.

நகரமே நடத்திய போட்டி

நாடகம் ஆண்டு முழுக்க ஓடிக்கொண்டிருந்த பொழுதுபோக்கு என்று நினைத்துவிடக் கூடாது. மார்ச் இறுதியில், கடல் பயணத்துக்கு வழி திறந்து வெளியூர்க்காரர்கள் வந்து சேரும் நேரத்தில், மாநகர டயோனிசியா விழா நடக்கும். நாடகங்களுக்கு முன் டித்திராம்ப் போட்டி. கி.மு. 508-இல் இன்னொரு கிளைஸ்தனிஸ் (சிக்கியோன்காரரின் மகள் வயிற்றுப் பேரன்) ஏதென்ஸின் குடிமக்களைப் பத்து குலங்களாகப் பிரித்துக் குடியாட்சிக்கு அடித்தளம் போட்டார். அந்தப் பத்து குலங்களும் தலா 50 ஆண்கள், 50 சிறுவர்கள் என்று இரண்டு கோரஸ்களை அனுப்பின. கணக்குப் போட்டால் 1,000 பேர். ஒவ்வோர் ஆண்டும் ஆயிரம் பேர் மாதக்கணக்கில் பாடவும் ஆடவும் பயிற்சி எடுத்துக்கொண்ட ஊர் அது. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் கணிசமானோர் ஒருகாலத்தில் அதே தரையில் ஆடியவர்கள். யூரிப்பிடிஸ் போன்ற ஒரு கவிஞரின் பாட்டில் அடி தவறினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

துன்பியலில் மூன்று கவிஞர்கள் மோதுவார்கள். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களும், குதிரைவால் கட்டிய சட்டிர்கள் (டயோனிசஸின் தோழர்களான, பாதி மனிதன் பாதி விலங்கான உருவங்கள்) கோரஸாக வரும் ஒரு கேலி நாடகமும் தர வேண்டும். ஒரு கவிஞருக்கு ஒரு நாள். யார் யார் போட்டியிடுவது என்று அந்த ஆண்டின் தலைமை அதிகாரியான ஆர்க்கான் முடிவு செய்வார். அவரிடம் கவிஞர் போய்க் கேட்க வேண்டியது ‘ஒரு கோரஸ்’. நாடகம் என்ற அனுமதிக்கே கோரஸ் என்றுதான் பெயர். நடிகர்களுக்கு அரசு பணம் தரும். கோரஸுக்கு உடை, பயிற்சி, சாப்பாடு எல்லாவற்றையும் கொரேகோஸ் எனப்பட்ட ஒரு பணக்காரக் குடிமகன் ஏற்க வேண்டும். அது அவருக்கு வரி மாதிரி, பெருமையும்கூட. ‘பாரசீகர்கள்’ நாடகத்துக்கு அந்தச் செலவை ஏற்றவர் இளைஞரான பெரிக்ளிஸ். ஒரு வழக்கில் தன் தியாகங்களை நீதிமன்றத்தில் அடுக்கிய ஒருவர், துன்பியல் கோரஸுக்காக மட்டும் 3,000 டிராக்மா செலவழித்ததாகச் சொல்கிறார். கைத்தொழிலாளி ஒருவரின் நாள்கூலி அப்போது ஏறத்தாழ 1 டிராக்மா. ஒரு நாள் ஆட்டத்துக்கு ஒருவருடைய எட்டாண்டுக் கூலி.

நாடகம் தொடங்குமுன் அதே அரங்கில் படைத்தலைவர்கள் தெய்வங்களுக்கு மது வார்ப்பார்கள். கூட்டணி நகரங்கள் கட்டிய கப்பம் கொண்டுவந்து காட்டப்படும். போரில் தந்தையை இழந்து, அரசுச் செலவில் வளர்ந்த இளைஞர்கள் முழுக் கவசத்தோடு அணிவகுத்து வருவார்கள். இத்தனையும் முடிந்து, ‘டிராய் நகரப் பெண்கள்’ மாதிரி ஒரு நாடகம் ஆரம்பிக்கும். மெலோஸ் தீவை ஏதென்ஸ் படை பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்ற சில மாதங்களிலேயே, கி.மு. 415-இல், யூரிப்பிடிஸ் போட்ட நாடகம் அது. தோற்ற நகரத்தின் பெண்கள்தான் கோரஸ். அதற்கு முதல் பரிசு கிடைக்கவில்லை, இரண்டாம் பரிசுதான். ஆனால் அதை மேடையேற்ற அதே அரசுதான் கோரஸ் கொடுத்தது.

எல்லாவற்றையும் ஊர் தாங்கிக்கொண்டது என்றும் சொல்லிவிட முடியாது. கி.மு. 494-இல் பாரசீகர்கள் மிலேட்டஸ் நகரை அழித்தார்கள். ஏதென்ஸுக்கு உறவு நகரம். கொஞ்ச நாளில் பிரினிக்கஸ் என்ற கவிஞர் அதையே நாடகமாக்கினார். அரங்கமே குலுங்கி அழுதது. சொந்த வீட்டுத் துக்கத்தை நினைவூட்டியதற்காக அவருக்கு 1,000 டிராக்மா அபராதம் போட்டு, அந்த நாடகத்தை இனி யாரும் ஆடக் கூடாது என்று தடையும் போட்டார்கள். அதற்குப் பின் வந்த கவிஞர்கள் பெரும்பாலும் டிராய், தீப்ஸ் என்று புராணத்துக்குள்ளேயே நின்றுகொண்டதற்கு இந்தச் சூடும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

தீர்ப்புச் சொல்வதிலும் நுணுக்கமான ஏற்பாடு. ஒவ்வொரு குலத்திலிருந்தும் குலுக்கல் முறையில் ஒருவர் வீதம் பத்து நடுவர்கள். அவர்கள் எழுதிப் போடும் பத்து சீட்டுகளில் ஐந்தை மட்டும் எடுத்து எண்ணுவார்கள். லஞ்சத்துக்கு வழியில்லை, தெய்வத்தின் கையும் இருக்கும். இந்த முறையில் சில தீர்ப்புகள் நம்மைத் திகைக்க வைக்கும். இன்று உலகமே கொண்டாடும் ‘அரசன் ஈடிபஸ்’ இடம்பெற்ற தொகுதிக்கு முதல் பரிசு இல்லை. வென்றவர் எஸ்கைலஸின் சகோதரி மகன் பிலோக்ளிஸ். அவர் நாடகம் ஒன்றுகூட இப்போது கிடையாது. ‘மீடியா’ வந்த ஆண்டு யூரிப்பிடிஸுக்குக் கடைசி இடம்.

நகைச்சுவை நாடகம் கி.மு. 486-இல்தான் இந்த விழாவுக்குள் அதிகாரபூர்வமாக நுழைந்தது. அங்கே கோரஸ் 24 பேர்: தவளைகள், பறவைகள், குளவிகள், மேகங்கள். நடுவில் கோரஸ் பார்வையாளர்களைப் பார்த்துத் திரும்பி, கவிஞரின் குரலாகவே நேரடியாக அரசியல் பேசும் பகுதி ஒன்று உண்டு. கி.மு. 424-இல், டயோனிசஸுக்கே உரிய இன்னொரு விழாவான லெனையாவில், அப்போது அதிகாரத்தின் உச்சியில் இருந்த கிளியோனை அரிஸ்டோபனிஸ் ‘குதிரைவீரர்கள்’ நாடகத்தில் மேடையில் வைத்துக் கிழித்தார். முதல் பரிசும் வாங்கினார். அதே மக்கள் சில வாரங்கள் கழித்துக் கிளியோனைப் படைத்தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

முகமூடியும் வெட்டவெளியும்

எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கும் கல் அரங்கம் இந்தக் கவிஞர்களின் காலத்தது அல்ல. அவர்கள் காலத்தில் சரிவில் மரப் பலகைகள். அண்மைக்கால அகழாய்வுகளை வைத்துப் பார்த்தால் 4,000-த்திலிருந்து 7,000 பேர் வரை உட்கார்ந்திருக்கலாம். கல்லில் பெரிதாகக் கட்டியது ஏதென்ஸ் அரசியல்வாதி லைக்கர்கஸின் நிர்வாகத்தில், கி.மு. 330-களில். சுற்றுலாப் படங்களில் நாம் காணும் எபிடாரஸ் அரங்கமும் 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியது. அதில் 55 வரிசைகள். நடுவில் நின்று மெல்லப் பேசினாலும் மேலே கேட்கும் என்று வியந்து சொல்வார்கள்.

நடுவே இருந்த வெட்டவெளிக்கு ஆர்க்கெஸ்ட்ரா என்று பெயர். கோரஸ் ஆடும் இடம். அதற்குப் பின்னால் மரத்தில் ஒரு கொட்டகை: நடிகர்கள் முகமூடி மாற்றும் இடம், அதுவே அரண்மனை முகப்பு. ‘ஒரஸ்டியா’வில் ஒரு காவலாளி அதன் கூரையில் படுத்தபடிதான் முதல் வசனத்தைச் சொல்கிறான். உள்ளே நடந்த கொலையைக் காட்ட, சக்கரம் வைத்த மேடையில் பிணங்களை வெளியே தள்ளிக்கொண்டு வருவார்கள். தெய்வங்களைத் தூக்கி இறக்க ஒரு பாரந்தூக்கி.

முகமூடிகள் துணியில் பசை தடவிச் செய்தவை, ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் கி.மு. 400 வாக்கில் ஏதென்ஸில் செய்து, இத்தாலியின் ரூவோவில் கிடைத்து, இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பெரிய மண்கலத்தில் ஒரு நாடகக் குழுவையே வரைந்திருக்கிறார்கள். படத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பவர் நாடகாசிரியர் அல்ல, புரோனோமஸ் என்ற குழல் கலைஞர். கவிஞர் ஓரமாக இருக்கிறார். சட்டிர் கோரஸ் இளைஞர்கள் முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, தாடி மீசை இல்லாத தங்கள் சொந்த முகங்களோடு அரட்டையடிக்கிறார்கள். ஒருவர் மட்டும் முகமூடியை மாட்டிவிட்டார். மாட்டியதும் அவர் அரட்டையில் இல்லை. காலைத் தூக்கி ஆடத் தொடங்கிவிட்டார். முகமூடி என்ன செய்யும் என்று அந்த ஓவியருக்குத் தெரிந்திருக்கிறது.

கோரஸ் தேய்ந்த கதை

கி.மு. 449-இல் சிறந்த துன்பியல் நடிகருக்குத் தனிப் பரிசு வந்தது. அதிலிருந்து தராசு சாயத் தொடங்கியது. அகத்தான் என்ற கவிஞர், கதையோடு ஒட்டாமல் எந்த நாடகத்திலும் செருகிக்கொள்ளக்கூடிய கோரஸ் பாட்டுகளை எழுதத் தொடங்கினார். கோரஸையும் ஒரு நடிகராக, முழுமையின் உறுப்பாக நடத்த வேண்டும் என்று அரிஸ்டாட்டில் பிற்பாடு ஆதங்கப்பட்டது இதனால்தான். தன் காலத்தில் கவிஞர்களைவிட நடிகர்களுக்கே செல்வாக்கு அதிகம் என்றும் அவர் எழுதுகிறார். அது மிகையில்லை. கி.மு. 346-இல் மாசிடோனிய மன்னர் பிலிப்போடு சமாதானம் பேச ஏதென்ஸ் அனுப்பிய தூதுக்குழுவில் அரிஸ்டோடெமஸ் என்ற நடிகர் இருந்தார். போலஸ் என்ற நடிகர் சோபோக்ளிஸின் ‘எலெக்ட்ரா’வில் நடித்தபோது, தம்பியின் சாம்பல் என்று எலெக்ட்ரா அணைத்து அழும் கலசத்தில், அண்மையில் இறந்த தன் சொந்த மகனின் எலும்புகளை வைத்துக்கொண்டு அழுதார் என்று ஒரு கதை உண்டு. இப்போது ஊர் பேசியது இந்த மாதிரி தனி நடிகர்களின் கதைகளைத்தான்.

ஆனால் பாட்டின் பிடி அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடவில்லை. கி.மு. 413-இல் ஏதென்ஸின் படை சிசிலியில் அடியோடு அழிந்தது. தப்பி அலைந்த வீரர்கள் சிலர் யூரிப்பிடிஸின் பாடல்களைப் பாடிக்காட்டி, அந்த ஊர்க்காரர்களிடம் சோறும் தண்ணீரும் வாங்கிப் பிழைத்தார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். ஊர் திரும்பியவர்கள் யூரிப்பிடிஸின் வீட்டுக்கே போய் நன்றி சொன்னார்களாம். கோரஸில் பாடிப் பழகிய ஊருக்குப் பாட்டு மனப்பாடமாகத்தானே இருக்கும்.

கி.மு. 386 முதல் விழாவில் பழைய துன்பியல் நாடகம் ஒன்றை மறுபடி போடும் வழக்கம் வந்தது. நடிகர்கள் தங்கள் வசதிக்கு வரிகளை மாற்றிக்கொண்டார்கள் போலும். எஸ்கைலஸ், சோபோக்ளிஸ், யூரிப்பிடிஸ் மூவரின் நாடகங்களுக்கும் அதிகாரபூர்வமான படி எழுதி வைத்து, அதிலிருந்து விலகக் கூடாது என்று லைக்கர்கஸ் சட்டம் போட்டார். எகிப்தை ஆண்ட மூன்றாம் டாலமி அந்தப் படிகளை 15 டாலந்து (90,000 டிராக்மா) வெள்ளியைப் பிணையாக வைத்து அலெக்சாண்டிரியா நூலகத்துக்கு இரவல் வாங்கினார். புதிதாக எழுதிய படிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு மூலத்தை வைத்துக்கொண்டார், பிணைப் பணம் போனால் போகட்டும் என்று. சோபோக்ளிஸ் எழுதியவை 120-க்கும் மேல், முழுதாகக் கிடைத்தவை 7. எஸ்கைலஸின் பெயரிலும் 7-தான். யூரிப்பிடிஸுக்கு மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டம், 18 அல்லது 19.

இழந்தவற்றில் சிலவற்றை எகிப்து மணல் திருப்பித் தந்தது. ஆக்சிரிங்கஸ் என்ற ஊரின் குப்பைமேடுகளிலிருந்து சோபோக்ளிஸின் சட்டிர் நாடகம் ஒன்றின் கணிசமான பகுதி பாப்பிரஸ் சுருள்களில் வெளிவந்தது. அதே ஊரில் கிடைத்த, கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கேலிக்கூத்துப் பிரதி இந்தியக் கடற்கரையில் நடக்கிறது. காரிட்டியன் என்ற கிரேக்கப் பெண்ணை மீட்க வந்தவர்கள், அங்கிருந்த அரசனுக்கு மது கொடுத்து மயக்கித் தப்புகிறார்கள். அரசனும் ஆட்களும் பேசும் மொழி கன்னடம் என்று சிலர், துளு என்று சிலர், வெறும் உளறல் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நம் பக்கத்துக் கடற்கரை கிரேக்கக் கூத்தில் எட்டிப்பார்க்கும் இடம் இது ஒன்று.

மெனாண்டரின் ‘முசுடன்’ நாடகமும் பாப்பிரஸ் வழியாகத்தான் 1958-இல் வாசகர்கள் கைக்கு வந்தது. கி.மு. 316-இல் பரிசு பெற்ற நகைச்சுவை நாடகம். தெய்வம் உண்டு, ஆனால் அரசியல் இல்லை. ஒரு கிழவன், அவன் மகள், அவளை மணக்க ஆசைப்படும் பணக்கார வீட்டுப் பையன். ஐந்து பகுதிகள். பகுதிகளுக்கு நடுவில் பாடல் வரிகளே கிடையாது. ‘கோரஸுக்கு உரியது’ என்று பொருள்படும் ஒற்றைச் சொல் மட்டும் எழுதியிருக்கிறது. வந்து எதையோ பாடிவிட்டுப் போங்கள் என்று அர்த்தம். என்ன பாடினார்கள் என்பது கவிஞரின் கவலையே இல்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பலேரம் ஊர்க்காரரான டிமெட்ரியஸின் ஆட்சியில் கொரேகோஸ் முறையும் போனது. கோரஸுக்குச் செலவு செய்வதைப் பெருமையாக நினைத்த பணக்காரரும் இல்லை, செலவு செய்ய வேண்டிய அளவுக்குக் கோரஸும் இல்லை. நடிகர்களும் இசைக்கலைஞர்களும் டயோனிசஸின் கலைஞர்கள் என்று சங்கம் அமைத்து, ஊர் ஊராக ஒப்பந்தம் போட்டு ஆடப் போனார்கள். அவர்களுக்காக உயரமான மேடைகள் எழும்பின. கோரஸின் தரையும் நடிகரின் தரையும் தனித்தனி ஆயின.

கி.மு. 240-இல் லிவியஸ் ஆண்ட்ரோனிக்கஸ் கிரேக்க நாடகத்தை லத்தீனில் ரோமில் போட்டபோது, அங்கே போய்ச் சேர்ந்தது இந்தப் பிற்கால வடிவம்தான். பிளாட்டஸும் டெரன்ஸும் மெனாண்டரின் கதைகளை எடுத்துக்கொண்டார்கள், கோரஸை விட்டுவிட்டார்கள். ரோமானியர் கட்டிய அரங்குகளில் ஆர்க்கெஸ்ட்ரா அரைவட்டமாகச் சுருங்கியது. அதில் ஆடுவதற்கு யாரும் இல்லை என்பதால், செனட் உறுப்பினர்கள் உட்கார நாற்காலிகளைப் போட்டுவிட்டார்கள்.